எங்கள் பூநாரையை யார் தைப்பது? தீவகத்துத் தையல் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எங்கும் வீட்டு விறாந்தையில் மெஷின் மிதிக்கிற அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நீங்கள் தைக்கிற பென்குயினையும் பனிமானையும் பற்றி உங்களோடு நேரே கதைக்க வேண்டும். ஒவ்வொருவரிடமாகச் சொன்னால் குறை பிடித்ததாகப் போய்விடும். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். நானும் நயினாதீவில் சட்டை தைத்துச் சீவிக்கிறவள்தான். உங்கள் உழைப்பைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

உங்களில் சிலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்துக் கடதாசித் துண்டுத்தையல் பழகியிருக்கிறீர்கள். ஒரு மிருகத்தையோ பூவையோ கடதாசியில் நேர்கோடுகளாகப் பிரித்துக் கீறி, அந்தக் கடதாசியோடு சேர்த்தே துணித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்து, கடைசியில் கடதாசியைக் கிழித்தெடுத்துவிடுகிற வேலை அது. ‘பவுண்டேஷன் பேப்பர் பீசிங்’ என்று அங்கே சொல்கிறார்கள். நீங்கள் தைத்தவற்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பென்குயினின் வயிற்று வெள்ளையும் முதுகுக் கறுப்பும் சந்திக்கிற முனை நூலளவும் பிசகவில்லை. ஆந்தையின் சொண்டு, கொம்பு விரித்த பனிமானின் தலை, எல்லாம் திறமான வேலை. இவ்வளவு கைத்திறன் உள்ளவர்களுக்கு, மாரியில் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே தாம்போதியின் இரு பக்கமும் பரவைக்கடலில் நிற்கிற பறவைகள் தைக்கத் தக்கவையாகப் படவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தத் தையலை இன்னும் பழகாதவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலை எங்களுக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. இதற்கு நேர்த்தையல் மட்டும் போதும். அம்மம்மா விட்டுப்போன மிதி மெஷினில் ஓடுகிற அதே ஒற்றைத் தையல். மின்சாரம் வேண்டாம், விலை கூடிய மெஷின் வேண்டாம். பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு ஒற்றை, பென்சில், அடிமட்டம், கத்தரிக்கோல், ஊசி, நூல், மினுக்குகிற பெட்டி. துணிக்குக் கடைக்குப் போகவே தேவையில்லை. சட்டை வெட்டும்போது கக்கத்து வளைவுக்குப் பக்கத்தில் மிஞ்சுகிற மூலைத் துண்டு, பாவாடைக் கரையில் வெட்டுப்படுகிற கீலம், பாடசாலைச் சீருடைக்கு அரசாங்கம் தருகிற வெள்ளைத் துணியில் மிச்சம், சாரத்தின் தலைப்பு, லைனிங் துணி. பையில் கட்டி மூலையில் போட்டு, வருடக் கடைசியில் குப்பையோடு கொளுத்துகிறோமே, அதெல்லாம்தான் இதற்கு மூலப்பொருள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கையில் எடுத்தால் தானாக விளங்கும். கீறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் 1, 2, 3 என்று தைக்கும் ஒழுங்கில் இலக்கம் போடுங்கள். கோடு கீறாத பக்கத்தில் முதல் துண்டை நல்ல பக்கம் வெளியே தெரிய வையுங்கள். இரண்டாவது துண்டை அதன்மேல் நல்ல பக்கம் உள்ளே முகம் பார்க்கக் கவிழ்த்து வைத்து, கடதாசியைத் திருப்பிக் கோட்டின்மேல் தையுங்கள். தைத்ததும் கடதாசியைக் கோட்டோடு மடித்து, கால் அங்குலம் விட்டு மிச்சத் துணியை வெட்டி, துண்டை விரித்து மினுக்குங்கள். பிறகு மூன்றாவது துண்டு. தையலின் நீளத்தை வழமையான 2.5 மில்லிமீற்றரிலிருந்து 1.5 அளவுக்குக் குறைத்தால் துளைகள் நெருக்கமாக விழும், கடைசியில் கடதாசி இலகுவாகக் கிழிந்து வரும், கிழிக்கும்போது நூலும் இளகாது. புதினப் பேப்பரைப் பாவிக்க வேண்டாம், மை வெள்ளைத் துணியில் ஏறிவிடும். வழுக்குகிற பொலியெஸ்டர் துண்டுகளைத் தள்ளி வையுங்கள். அவை கோட்டில் நிற்காது, சூட்டில் சுருங்கும். பருத்தி நல்லது. இன்னொன்று: கடதாசியில் இடப்பக்கம் பார்க்கிற குதிரை, துணியில் வலப்பக்கம் பார்க்கும். கீறும்போதே அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விசயம்.

துண்டுத்தையல் என்றதும் எங்கள் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். “ஒட்டுப்போட்டதை யார் வாங்குவான்?” என்கிறார்கள். அந்தச் சுளிப்புக்குக் காரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் போரால் தீவுகளை விட்டு ஓடியபோது, கட்டின சீலையோடு போய், அந்தச் சீலையே கிழியக் கிழிய ஒட்டுப்போட்டு உடுத்தவர்கள் அவர்கள். ஒட்டுத்துணி என்றால் இல்லாமையின் அடையாளம் என்று அவர்களின் உடம்புக்கே தெரியும். அந்த நினைவை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு குறித்த ஒரு போர்வை இருக்கிறது. பட்டுத் துண்டுகளைக் கடதாசி அச்சுகளின்மேல் மடித்துக் கையால் கோத்துத் தைத்தது. மிருகங்கள், பறவைகள், பூக்கள், மனித உருவங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. தைத்தவளின் பெயர் யாருக்கும் தெரியாது, இரண்டு முதலெழுத்துகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அதைத் தையற்காரரின் சங்கம் ஒன்று இன்று பொக்கிசமாகக் காக்கிறது. துண்டு பொறுக்கித் தைத்தது வறுமைக்காகவோ ஆசைக்காகவோ, எங்களுக்குத் தெரியாது. அவள் உயிர்களைத் தைத்தாள் என்பது தெரிகிறது. 300 வருடத்துக்குப் பிறகும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் கண்ணில் படுகிறவை எவை? பனையில் தொடங்குவோம். பனையோலையைப் பாருங்கள். நடுவிலிருந்து விரிகிற ஒவ்வொரு இலக்கும் அடி ஒடுங்கி வெளியே அகன்று போகிற நேர்க்கீலம். வளைவே இல்லை. கடதாசித் துண்டுத்தையலுக்கு இதைவிட ஒத்துவருகிற இலையை நான் காணவில்லை. வெளிநாட்டு மாதிரிகளில் ரோசாப்பூவின் வளைவை நேர்கோடுகளாக உடைக்க என்ன பாடு படுகிறார்கள்! எங்கள் முற்றத்தில் நிற்கிற மரம் அந்த வேலையைத் தானே செய்து வைத்திருக்கிறது. பச்சையில் மூன்று நிறச் சாயல் இருந்தால் போதும், மாறி மாறி வைக்க ஓலை மடிப்பு எழுந்து நிற்கும். ஒரே கவனம், எல்லாக் கீலமும் அடியில் வந்து சந்திக்கும் இடத்தில் துணி தடித்துவிடும், ஊசி முறியும். ஓலையை இரண்டு பாதியாகத் தைத்துப் பிறகு பொருத்தி, சந்திப்பின்மேல் மட்டைக்கு ஒரு கபிலத் துண்டை வைத்து மூடிவிடுங்கள். ஓலையில் நீத்துப்பெட்டியும் குட்டானும் இழைத்த கைகளின் பிள்ளைகள் நாங்கள். இந்தக் கணக்கு எங்களுக்குப் புதிதில்லை.

பூநாரை கொஞ்சம் கடினம், ஆனால் அழகு. நீண்ட கழுத்தை நேர்ப்பட்டைகளாக மூன்று மடிப்பில் காட்டலாம். சொண்டு நடுவில் கீழ்நோக்கி முறிந்திருக்கும், நுனி கறுப்பு. அந்த முறிவைத் தவறவிட்டால் அது கொக்காகிவிடும். தலையையும் சொண்டையும் தனிப் பகுதியாகவும், உடலை இன்னொரு பகுதியாகவும், கால்களை மூன்றாவதாகவும் கீறித் தனித்தனியே தைத்துப் பிறகு பொருத்துங்கள். ஒரு கோடு முழுமையாக ஓடி முடியாமல் நடுவில் முறிகிற இடத்தில் எல்லாம் படத்தைப் பகுதியாகப் பிரிக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தையலின் விதி. ஒருமுறை விளங்கினால் எந்தப் பறவையையும் நீங்களே பிரிக்கலாம். உடலுக்குச் சீருடை வெள்ளை, செட்டையின் ஓரத்துக்கு ஒரு கீலம் ரோசா. பறக்கிற பூநாரையென்றால் சிவப்பும் கறுப்பும்.

நெடுந்தீவுப் பெண்களே, உங்கள் குதிரைகளை நீங்கள் தைக்காவிட்டால் யார் தைப்பது? போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து வழி வந்த மட்டக்குதிரைகள் வேறெந்த ஊரில் திறந்த வெளியில் மேய்கின்றன? குதிரை லாயத்தின் இடிபாடு இன்னும் நிற்கிறது. வறட்சியில் தண்ணீரில்லாமல் அவை சாகிற செய்தி வரும்போது மட்டும்தான் வெளியாருக்கு அவற்றின் நினைவு வருகிறது. உங்கள் பவளக்கல் மதில்களும் அப்படித்தான். ஒழுங்கில்லாத கற்களை ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கியிருக்கிற விதத்தைப் பாருங்கள். சாம்பல், வெள்ளை, மங்கல் மஞ்சள் துண்டுகள் இருந்தால் மதில் ஒரு பின்னணியாக எழும். அதன்முன் குதிரை. பெருக்கமரத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பருத்த அடிமரம் இரண்டே பெரிய துண்டில் அடங்கும்.

கடலில் ஆமை இருக்கிறது. அதன் ஓட்டுக் கட்டங்களும் நேர்கோடுதான். கடற்பசு இருக்கிறது. ஆவுளியா என்று கரையோரத்தில் சொல்கிற அதைக் கண்டவர்கள் எங்களில் எத்தனை பேர்? எதிர்க்கரையில் தமிழ்நாடு அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் கடலை இந்த ஒரு உயிருக்காக ஒதுக்கியிருக்கிறது. அதே கடலின் இந்தக் கரையில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்குப் பனிக்கரடி தெரிகிறது, கடற்பசு தெரியவில்லை. சாம்பல் துணியில் பத்துப் பன்னிரண்டு துண்டுக்குள் ஒரு கடற்பசுவைத் தைத்துத் தொட்டிலில் கட்டினால் அந்தப் பிள்ளை முதலில் பார்க்கிற மிருகம் அதுவாக இருக்கும்.

நாகத்தைப் பற்றி மட்டும் பக்குவமாகப் பேச வேண்டும். புளியந்தீவிலிருந்து நாகபூசணி அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்தி வந்த நாகம், வழிமறித்த கருடன், தன் செல்வத்தைக் கொடுத்து நாகத்தைக் காத்த வணிகன் மாநாய்கன், இந்தக் கதை எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் கடலில் நிற்கின்றன. பக்கத்தில் நாகதீப விகாரைக்கு வருகிற சிங்கள யாத்திரிகருக்கும் நாகம் புதிதில்லை. நாக அரசர் இருவரின் சண்டையைத் தீர்க்கப் புத்தர் இங்கே வந்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. இரண்டு கூட்டத்தாரும் கையெடுக்கிற உயிர் அது. அதனால் தையுங்கள். படம் விரித்த தலை நாலைந்து துண்டில் அடங்கும், சுற்றிய உடலை மடிந்த நேர்ப்பட்டைகளாகக் காட்டலாம். ஆனால் சுவரில் தொங்குவதற்கு மட்டும் தையுங்கள். தலாணி உறையிலும் மிதியடியிலும் கைப்பையிலும் நாகத்தை வைக்காதீர்கள், எவ்வளவு காசு தருகிறேன் என்றாலும். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

“இதெல்லாம் சரி, ஓடர் தருகிறவர்கள் பென்குயின்தானே கேட்கிறார்கள்” என்பீர்கள். உண்மை. ஒருவர் எனக்கும் மாதிரி அனுப்பினார். நரி, ஆந்தை, பனிமான். ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று அவரே விலை வைத்தார். பின்பக்கத்தில் என் பெயரையும் நயினாதீவு என்பதையும் சின்னதாகத் தைத்திருந்தேன், அதை வெட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றார். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். கூலி குறைந்ததைவிட அந்தப் பெயரை வெட்டச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. பெயரில்லாத பென்குயினை எந்த ஊரிலும் தைக்கலாம். நாளைக்கு இன்னும் மலிவாகத் தைக்கிற ஓர் ஊர் கிடைத்தால் அவர் அங்கே போவார். அப்போது எங்களிடம் மிஞ்சுவது என்ன?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர் இருக்கிறது. மூன்று பக்கம் ஆறு சூழ்ந்தது. அங்கிருந்த கறுப்பின மக்கள் வாக்குரிமைக்குப் பதியப் போகத் தொடங்கியதும், 1962 இல் அவர்களுடைய படகுச் சேவையை நிறுத்திவிட்டார்கள். திரும்ப ஓடியது 2006 இல்தான். படகு நின்றுபோனால் ஓர் ஊர் எப்படி மூச்சடைக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் துண்டுப் போர்வை தைத்தவர்கள். 1966 இல் அந்தப் பகுதியில் ஒரு கூட்டுறவு தொடங்கியது. பிறகு சியர்ஸ் என்ற பெரிய கடைக்காகக் கோடுறோய்த் துணியில் தலாணி உறைகளை ஒரே மாதிரியாகத் தைத்துக் கொடுத்தார்கள். அது வருமானம் தந்தது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தலாணி உறைகளை இன்று யாரும் தேடுவதில்லை. அதில் மிஞ்சிய கோடுறோய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், தங்கள் மனம்போல் வெட்டித் தங்கள் பிள்ளைகளுக்குத் தைத்த போர்வைகள் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. 2002 இல் ஹியூஸ்டனில் தொடங்கிய கண்காட்சி நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்துக்கும் போனது. 2006 இல் அவற்றுக்கு அமெரிக்கத் தபால் தலையே வெளியிட்டார்கள். ஒவ்வொரு போர்வைக்கும் பக்கத்தில் தைத்தவளின் பெயர் இருந்தது.

ஓடரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கொப்பி வாங்க வேண்டியவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஓடரைத் தைத்துக் கொடுங்கள். அதில் மிஞ்சுகிற துண்டுகளையும், மிஞ்சுகிற மாலை நேரத்தில் ஒரு பகுதியையும் எங்கள் உயிர்களுக்கு வையுங்கள். குறிகட்டுவான் துறையில் படகு ஏறி இங்கே வந்து இறங்குகிறவர்களைப் பாருங்கள். அம்மனைக் கும்பிட வருகிறவர்கள், விகாரைக்கு வருகிறவர்கள், விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற புலம்பெயர்ந்த எங்கள் சனம். திரும்பிப் போகும்போது அவர்கள் வாங்கிப்போகிற விளையாட்டுச் சாமானும் பிளாஸ்டிக் மாலையும் எங்கேயோ செய்து இங்கே வந்தவை. “நயினாதீவிலிருந்து கொண்டு வந்தேன்” என்று காட்ட அவர்கள் கையில் நாங்கள் கொடுத்தது என்ன? இந்தக் கேள்வி எனக்கு வெட்கமாக இருக்கிறது, உங்களுக்கும் இருக்க வேண்டும்.

எல்லாம் உடனே விற்றுவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஒரு பூநாரைக்குப் பொறுமையும் நேரமும் நிறைய வேண்டும். அந்த நேரத்தைக் கூலியாகக் கணக்கிடுங்கள். மிச்சத் துணியில் தைத்தது என்பதால் மலிவாகக் கொடுக்க வேண்டியதில்லை, துணிதான் மிச்சம், உழைப்பு மிச்சம் இல்லை. அதேபோல் பிறருடைய உழைப்பையும் மதியுங்கள். வெளிநாட்டில் ஒரு பெண் கீறி விலைக்கு விற்கிற மாதிரியைப் பிரதி எடுத்துத் தைத்து விற்காதீர்கள். எங்கள் பெயரை வெட்டியவர்களோடு கோபப்படுகிற நாங்கள் அவளுடைய பெயரை வெட்டலாமா? எங்களுக்குள் மட்டும் மாதிரிகள் தாராளமாகக் கைமாறட்டும். நெடுந்தீவுக்காரி கீறிய குதிரையை அனலைதீவுக்காரி கேட்டால் கொடுக்கட்டும், கீறியவளின் பெயரை மாதிரியிலேயே எழுதிக் கொடுக்கட்டும்.

தையல் வகுப்பு நடத்துகிற ஆசிரியைகளிடம் ஒரு வார்த்தை. சட்டை, பாவாடை, சிறுவர் உடுப்பு என்று முடிகிற பாடத்தோடு இதையும் சேருங்கள். கடைசி வாரத்தில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஒரு மரத்தையோ பறவையையோ பார்த்துக் கீறச் சொல்லுங்கள், போனில் தேடச் சொல்லாதீர்கள். கீறத் தெரியாது என்று சொல்கிற பிள்ளைக்கு அடிமட்டத்தைக் கொடுங்கள். இந்தத் தையலில் நேர்கோடு கீறத் தெரிந்தால் போதும்.

எல்லோரிடமும் நான் கேட்பது இதுதான். வருகிற ஆனியில் நாகபூசணி அம்மன் பெருந்திருவிழாவுக்கு நீங்கள் எப்படியும் வருவீர்கள். அதற்கு முன் ஆளுக்கு ஓர் உயிர் தையுங்கள். உங்கள் தீவில் உங்கள் கண்ணால் கண்டதாக இருக்கட்டும். நண்டாக இருந்தாலும் சரி, எருக்கலம்பூவாக இருந்தாலும் சரி, வேலியில் இருக்கிற செண்பகப் பறவையாக இருந்தாலும் சரி. பின்பக்கத்தில் உங்கள் பெயரையும் தீவின் பெயரையும் தையுங்கள். யார் வெட்டச் சொன்னாலும் வெட்டாதீர்கள். வரும்போது கீறிய மாதிரியில் ஒரு பிரதியும் மடித்துக் கொண்டு வாருங்கள். திருவிழாக் கூட்டத்தில் சந்தித்து மாதிரிகளை மாற்றிக்கொள்வோம், யாரிடம் எந்த நிறத் துண்டு மிஞ்சியிருக்கிறது என்று கேட்டு வாங்குவோம், விலையை நாங்களே கூடிப் பேசி முடிவெடுப்போம். இந்த வருடம் உங்கள் வீட்டுத் துண்டுப் பையைக் கொளுத்தாதீர்கள்.

அன்புடன்,
நயினாதீவிலிருந்து உங்களில் ஒருத்தி